எட்டுப் படங்களில் ஒரு நடை

கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில், மாமனாரின் கண்களில் மூன்றாவது முறையாகச் சொட்டு மருந்து விட்டுவிட்டு நர்ஸ் நகர்ந்தபோதுதான் மருமகள் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட ஒரு கார்ட்டூன் மனிதர் இடது ஓரத்திலிருந்து நடந்து வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. நடுவில் தேங்கியிருந்த தண்ணீரில் கால் வைத்ததும் இரண்டு காலும் கூரையைப் பார்க்க மல்லாந்து விழுந்தார். தலையைச் சுற்றி மூன்று நட்சத்திரங்கள் சுழன்றன. 'தரை ஈரமாக இருக்கலாம், கவனம்' என்று எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்து உட்கார்ந்தன. உடனே இடது ஓரத்திலிருந்து அதே மனிதர், ஒன்றுமே நடக்காத மாதிரி, மறுபடி நடந்து வந்தார். அந்த மனிதரைச் செய்தவள் அவள். நடை, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனாருடையது.

ஸ்லைடு டெம்ப்ளேட் செய்து இணையத்தில் விற்பதுதான் அவள் தொழில். யாருக்கு என்று தெரியாமலேயே செய்கிற வேலை அது. 'இங்கே தலைப்பு', 'இங்கே மூன்று கருத்துகள்' என்று காலி இடங்களை வைத்து, ஓரத்தில் அசைகிற படம் ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிட்டால், வாங்குகிறவர்கள் எழுத்தை நிரப்பி, சட்டையின் நிறத்தை மாற்றி, எத்தனை கூட்டத்துக்கு வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். மரமும் மேகமும் கடிகாரமும் அவளுக்குக் கைவந்தவை. மனிதன்தான் நடக்க மறுத்தான். முதலில் செய்தவன் சோப்புத் தண்ணீரில் சறுக்குகிற மாதிரிப் போனான். இரண்டாவது ஆளை வாங்கிய ஒருவர், 'படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இவர் கழிப்பறையைத் தேடுகிறாரா?' என்று விமர்சனம் எழுதியிருந்தார். அதை எழுபது பேர் ஆமோதித்திருந்தார்கள்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில் சர்வேயராக இருந்தவர். நாடாவும் சங்கிலியும் கையில் இல்லாத நேரத்தில் காலாலேயே நிலத்தை அளந்து சொல்லிவிடுவார் என்று பேர். ஓர் எட்டு வைத்தால் இரண்டரை அடி. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் சொன்னபடி, சாயங்காலம் நாலு மணிக்கு வாசல் கதவிலிருந்து பால்கனி வரைக்கும் வீட்டின் நடையில் போய்வந்துகொண்டிருப்பார். பதினாலு எட்டு போக, பதினாலு எட்டு வர. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் ஒருநாள் தலையை நிமிர்த்தினாள். தான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது முன்னால் போய் வந்துகொண்டிருந்தது. எல்லா எட்டும் ஒரே அளவு. எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் ஒட்டு தெரியாது. லேப்டாப் மூடியின் மறைவில் போனை வைத்துப் பன்னிரண்டு விநாடி எடுத்தாள். அதிலிருந்து எட்டுப் படம் வரைந்தாள். அந்த எட்டும் சுற்றச் சுற்ற, ஆள் நடந்தார்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் கேட்டதெல்லாம் 'காப்பியா, டீயா மாமா?' என்ற ஒரு கேள்வி. அவரும் 'கதவு பூட்டியாச்சா?' என்பதைத் தாண்டிப் போனதில்லை. வருகிறவர்கள் மருமகள் என்ன செய்கிறாள் என்று விசாரித்தால் 'கம்ப்யூட்டர்ல ஏதோ பொம்மை போடுது' என்பார். இப்படி இருக்கிறவரிடம் போய் உங்கள் நடையைக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

"அந்த ஆளு யாரு?" என்றார் மாமனார்.

கண்ணைத் திறந்துவிட்டிருந்தார்.

"எந்த ஆளு மாமா?"

"விழுறாரே, அவரு."

"ஆஸ்பத்திரி விளம்பரம் மாமா. கண்ணை மூடிக்கங்க, மருந்து வெளிய வந்துடும்."

மூடினார். டிவியில் அந்த ஆள் ஒரு தடவை நடந்து வந்து விழுகிற நேரம் மூடியிருந்துவிட்டு மறுபடி திறந்தார். சொட்டு மருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததை நினைத்து அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகுதான் புத்திக்கு உறைத்தது. முகமும் எழுத்தும் நட்சத்திரமும்தான் மங்கும். மிஞ்சுவது நடை ஒன்றுதான்.

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். டாக்டரின் அறை கூடத்தின் மறுகோடியில், டிவியைத் தாண்டி இருந்தது. அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவர் உதறிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர் டிவிக்குக் கீழே போன அதே நேரத்தில் மேலே நீலச் சட்டைக்காரரும் புறப்பட்டார். இருவரும் ஒரே எட்டில், ஒரே தோள் சரிவில், மேலொருவர் கீழொருவராக நடந்தார்கள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள். ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் இன்னொரு கண்ணை நன்றாகத் திறந்துகொண்டார். மேலே இருந்தவர் வழுக்கியபோது முன்வரிசையில் இருந்த அம்மாள் சடாரென்று எழுந்து கீழே இருந்தவரின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்றார் மாமனார். கூடம் முழுவதும் ஒரு சிரிப்பு, இருமலாகவும் தும்மலாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

வீடு வந்து சேரும்வரை வாடகைக் காரில் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் நாலு மணி அடித்தது. நடை காலியாக இருந்தது. ஐந்தரைக்கு, வேறு யாரோ மாதிரி வெளியே வந்தார். கைகள் முன்னால் தொங்கின. தோள்கள் இரண்டையும் இழுத்துச் சமமாக வைத்திருந்தார். வலது பாதத்தை உள்பக்கம் மடக்கிப் பூனை மாதிரி வைத்தார். எட்டு ஒவ்வொன்றும் ஓர் அளவு. திரும்பி வரும்போது வாசல் கதவை எதிர்பார்த்த இடத்தில் காணாமல் செருப்பு அலமாரியில் முழங்காலை இடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் எதிர்வீட்டு வக்கீல் மாதிரி தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடந்து பார்த்தார். அவருக்குத் தள்ளுவதற்குத் தொப்பை இல்லை. நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாமியார் தைலம் தேய்த்துக்கொண்டே, "செருப்பு கடிக்குதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவள் கணவனிடம் சொன்னாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டதும் சிரிப்பு நின்றது.

"எதுவும் சொல்லாத. தானா மறந்துடுவார்."

"அவரா? இருபது வருஷத்துக்கு முன்னாடி அளந்த நிலத்துக்கு இன்னும் சர்வே நம்பர் சொல்றார்."

"அப்ப சொல்லிடு. ஆனா நான் ஆபீஸ் போனதுக்கு அப்புறம் சொல்லு" என்றான்.

அடுத்த நாள், அவன் ஆபீஸ் போன பிறகு, அவள் பூதக்கண்ணாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அந்த ஆஸ்பத்திரியில டிவியில வந்தது..."

"எத்தனை எட்டு?" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன மாமா?"

"அவன் ஒரு சுத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறான்?"

"ரெண்டு எட்டு மாமா. எட்டுப் படம். அதே திரும்பத் திரும்ப வரும். அவர் இருந்த இடத்துலயேதான் காலை ஆட்டுவார். தரையைப் பின்னால நகர்த்திடுவோம்."

பூதக்கண்ணாடி கீழே இறங்கியது.

"தரை நகருமா? முப்பத்திரண்டு வருஷம், தரை நகராதுன்னு நம்பித்தாம்மா நான் வேலை பார்த்தேன்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்காமல் எடுத்தது தப்பு, இன்றைக்கே விற்பனையிலிருந்து எடுத்துவிடுகிறேன், ஏற்கனவே வாங்கினவர்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று மளமளவென்று கொட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் விழுவது போக வேறு என்னென்ன செய்கிறான், முழுசாகக் காட்டு என்றார். லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்திநாலு அசைவுகள். அத்தனையும் அவர் நடையில் ஆரம்பித்தன. முதலாவதில் வழுக்கினார். இரண்டாவதில் அறுந்து தொங்கிய மின்கம்பியைத் தொட்டு, எலும்பு தெரிய மின்னினார். மூன்றாவதில் மேலேயிருந்து ஒரு பெட்டி தலையில் விழுந்தது. அடுத்ததில் மேஜையில் கவிழ்ந்து குறட்டை விட்டார், மேலதிகாரி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு ரகசிய எண்ணைச் சீட்டில் எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டார். ஏணியைத் தலைகீழாகப் பிடித்தார். ஆளைப் பார்த்துத் தும்மினார். மாமனார் ஒவ்வொன்றையும் எல்லைத் தகராறு விசாரிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒரு நல்ல காரியம்கூடப் பண்ணலையா இவன்?"

"இருக்கு மாமா, கடைசியில." ஓட்டிக் காட்டினாள். நடந்து வந்தவர் நின்றார். தலைக்கு மேல் ஒரு பல்பு எரிந்தது. "யோசனை வருது."

"வந்து?"

"அவ்வளவுதான். அதோட முடிஞ்சிடும்."

மாமனார் கொஞ்ச நேரம் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வரப்போகிறது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் முதல் அசைவுக்குத் திரும்பப் போகச் சொன்னார். "இது தப்பு" என்று திரையைத் தொட்டார். "இவனுக்கு இடது கால் முதல்ல வழுக்குது. வலது பாதம்தானே வெளிய திரும்பியிருக்கு? அதுதான் முதல்ல போகும். நீ நடையை என்கிட்ட எடுத்துட்டு, விழுறதை வேற எங்கிருந்தோ எடுத்திருக்க."

எடுத்திருந்தாள். தன் கணவன் குளியலறையில் விழுந்ததைப் பார்த்து வரைந்தது அது. சொல்லவில்லை.

அரைமணி நேரம் கழித்து மாமியார் காய்கறிப் பையோடு கதவைத் திறந்தபோது கூடத்தின் நடுவில் இரண்டு மெத்தைகள் போட்டிருந்தன. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, உறையில் வைத்து, உறையை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, முறையாக வலது காலில் வழுக்கி விழுந்தார். மருமகள் தரையில் குப்புறப் படுத்துப் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இந்த வீட்டுல?"

"வேலை" என்றார் மாமனார், படுத்தபடி.

மாமியார் பையைக் கீழே வைக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேத்துதான் அரை பாட்டில் தைலம் தேய்ச்சேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நாலு மணி நடை திரும்பி வந்தது. அவளும் கேட்டுக் கேட்டு எடுத்தாள். குடை பிடிப்பது, படி ஏறுவது, இன்னொருவர் தூக்கிவரும் பெட்டியில் ஒரு பக்கம் கை கொடுப்பது. இந்தப் பெட்டி அவர் கேட்டுச் சேர்த்தது. தலையில் விழுந்த பெட்டிக்கு ஈடாக இருக்கட்டும் என்றார். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த மூன்றாவது வாரத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. அவள் இதுவரை வாங்கியதிலேயே பெரியது. மாநிலம் முழுக்க எல்லா அலுவலகங்களிலும் ஓட்டப்போகிற பயிற்சி டெம்ப்ளேட். கேட்டிருந்தது நில அளவைத் துறை. ஏழாவது ஸ்லைடுக்கு அவர்கள் அனுப்பியிருந்த குறிப்பைப் படித்ததும் அவள் லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டாள். 'பழைய முறை: மெதுவானது, பிழை மலிந்தது. அளவு நாடாவுடன் ஒருவர் நடக்கிறார். அவர் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது. புதிய முறை: டிரோன் பறக்கிறது. பச்சை டிக்.'

வேறொரு நடையை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். கழிப்பறை தேடுகிறவர் இன்னும் பழைய கோப்பில்தான் இருந்தார். அவரை எடுத்து நாடா கொடுத்துப் பார்த்தாள். நாடாவைப் பிடித்துக்கொண்டு அவர் தேடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆர்டரை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சொல்லாமல் செய்தால் என்றைக்காவது ஒரு நாள், ஏதோ ஓர் ஆபீஸின் வராந்தாவில், அவர் கண்ணில் படும். சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்று, குறிப்பை அப்படியே படித்துக் காட்டினாள்.

"பிழை மலிந்தது" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டீயை மெதுவாகக் குடித்தார். "இதை எழுதினவன் எந்த ஊரை அளந்தான்?"

"நான் வேண்டாம்னு சொல்லிடட்டுமா மாமா?"

"எதுக்கு? டிரோன் வேகமாத்தானே அளக்குது. அதுல தப்பில்ல." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா தப்பா அளக்கிற மாதிரி நடக்கச் சொன்னா எனக்கு வராது. வர்ற மாதிரிதான் நடப்பேன்."

எழுந்து போய்ப் பரணிலிருந்து தோல் உறை போட்ட பழைய நாடாவை இறக்கித் துடைத்தார். ஸ்லைடின் அகலம் எத்தனை எட்டு என்று கேட்டார். ஆறு என்றாள். சிவப்புக் குறி எப்போது விழும் என்று கேட்டார். நாலாவது விநாடியில் என்றாள். தலையாட்டினார். கைகளைப் பின்னால் கட்டாமல், நாடாவின் உறையை இடுப்போடு சேர்த்து, கண்ணை எதிர்ச்சுவரில் ஊன்றி அவர் நடந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. தோள்கள் தானாகச் சமமாகியிருந்தன. மூன்று தடவை எடுத்தார்கள். வரைந்து முடித்து ஓட்டிப் பார்த்தபோதுதான் அவள் கவனித்தாள். நாலாவது விநாடியில் மேலேயிருந்து சிவப்புப் பெருக்கல் குறி தொப்பென்று விழுந்தது. ஆள் அதற்குள் திரையைத் தாண்டிப் போயிருந்தார். குறி வெறுந்தரையில் கிடந்தது. மாற்றுவதற்கு இரண்டு நிமிஷ வேலை. அவள் மாற்றாமல் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டார்கள். பயிற்சி அதிகாரியும் இன்னும் மூன்று பேரும் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் சாப்பாட்டு மேஜையின் மறுபக்கத்தில், கேமரா கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஆறு ஸ்லைடு தடையில்லாமல் போயிற்று. ஏழாவது ஓடியதும் அங்கே பேச்சு நின்றது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். அப்புறம் இன்னொரு தடவை. டிரோனை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை.

"இந்த நடையை நான் பார்த்திருக்கேன்" என்றார் ஓரத்தில் இருந்த, முடி நரைத்த வரைபடக்காரர். "மேற்குக் கோட்டத்துல ஒரு சர்வேயர் இருந்தார். இதே மாதிரிதான் வருவார். கறார்னா அப்படி ஒரு கறார். எங்க சித்தப்பா கட்டின மதில் சுவரையே இடிக்கச் சொல்லிட்டார் சார். அரையடிதான் வெளிய இருந்துச்சு."

"ஒண்ணே கால் அடி" என்றார் மாமனார்.

மேஜைக்குப் பின்னால் நாலு தலைகளும் நிமிர்ந்தன. "யாரு பேசுறது?"

"டிவி சார்" என்றாள் அவள். மாமனார் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு அடக்க முடியவில்லை. குனிந்து, கீழே எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

பயிற்சி அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நடை பிரமாதம், ஆனால் சிவப்புக் குறி ஆள் மேல் விழ வேண்டும், இப்படி நழுவிப் போனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் குழம்புவார்கள் என்றார். "அவரை நடுவுல கொஞ்சம் நிக்க வைங்க. நாடாவை நீட்டிப் பிடிச்சு, அளக்கிற மாதிரி. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்." வரைபடக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரை அணைந்துவிட்டது.

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்கச் சொன்னா நிக்கலாம்" என்றார். "ஆனா நாடாவை ஒரு ஆள் தனியாப் பிடிக்க முடியாது. அந்தப் பக்கம் ஒருத்தர் வேணும். அது அவனுக்குத் தெரியல பாரு."

போனைச் செருப்பு அலமாரியின் மேல் இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் சாய்த்து வைத்து ஓடவிட்டாள். அவர் பால்கனிக் கதவோடு சேர்ந்து நின்றுகொண்டார். நாடாவின் நுனியிலிருந்த பித்தளை வளையத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வாசல் கதவு வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனாள். சாம்பல் பூத்த துணி நாடா சரசரவென்று உறையிலிருந்து கழன்றுகொண்டே வந்தது.

"இழுத்துப் பிடி. தொய்வு விடாத."

"இவ்வளவு போதுமா மாமா?"

"இன்னும் கொஞ்சம்."

மாமியார் ஈரத் துணி வாளியோடு குளியலறையிலிருந்து வந்தாள். துணி காயப்போடும் கொடி நடையின் எதிர்ப்பக்கம், சமையலறைக்குப் பின்னால் இருந்தது. நடையின் ஒரு கோடியில் நின்ற புருஷனையும் மறுகோடியில் நின்ற மருமகளையும் பார்த்தாள். தன் இடுப்பு உயரத்தில் விறைத்துக்கொண்டு நின்ற நாடாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் அசைகிற மாதிரி இல்லை. வாளியைத் தரையில் வைத்து, காலால் நாடாவுக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, நாடாவில் தலை படாமல் மெல்லக் குனிந்தாள்.